அப்பாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லு

மார்ச் 4, புதன்

சலவைக்கூடத்தில் பெரிய மெஷின் நின்றுபோய், ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலையாய்க் குவிந்து கிடக்கின்றன. அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன். "உங்கம்மாகிட்ட சொல்லு, ஃபேன கொறைக்கச் சொல்லு. அறிவிருக்கான்னும் கேளு."

அம்மா எங்கே என்றேன். "இங்கதான். எதிர உக்காந்திருக்கா."

எதிரில். கை நீட்டினால் எட்டுகிற தூரம். ஈரக்கையோடு அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பாவுக்குக் குளிருதாம் என்றேன். 'அறிவிருக்கா'வை வழக்கம்போல வழியிலேயே முழுங்கிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

முதலாளி வேறு ஊரில் புதுக்கிளை திறக்கிறார். என் பொறுப்பில் விடுகிறாராம். "மெஷின் ஓட்ட ஆயிரம் பேர் கெடைப்பாங்கம்மா. இஸ்திரி போடறவங்களுக்கும் எனக்கும் நடுவுல நின்னு பேச உன்ன விட்டா ஆளில்ல."

பெருமைப்பட வேண்டிய பேச்சு. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த வித்தையைப் பள்ளிக்கூடத்திலா படித்தேன்? எட்டு வயதில், கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓடி ஓடிப் படித்தது. ஒருநாள் அப்பாவும் அம்மாவும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். என்ன சண்டை என்று இன்றுவரை தெரியாது. கேட்டால் இருவரும், "அவங்களையே கேளு" என்பார்கள். தம்பி கெட்டிக்காரன், படிப்பு முடிந்த கையோடு கடல் தாண்டிவிட்டான். "எனக்கு அதெல்லாம் வராதுக்கா, நீதான் நல்லா பேசுவ" என்பான். வராதாம். எனக்கு மட்டும் கருவிலேயே வந்ததா?

இந்த வேலையை விடக் கூடாது. போயே ஆகவேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "நீ போயிட்டா இந்த வீட்ல யாரு பேசறது? உங்கம்மாகிட்ட சொல்லு, பொண்ண வளத்த லட்சணம் இதானான்னு."

அம்மா சமையலறை வாசலில்தான் நின்றாள். "அப்பாவுக்கு வருத்தமா இருக்காம்" என்றேன். "எனக்கும்தான்னு சொல்லு" என்றாள்.

முப்பது வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான் — என்னை விடக்கூடாது. யோசிச்சு சொல்றேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். த்தூ.

மார்ச் 9, திங்கள்

இவர் கேட்டார்: "உங்கப்பா நெனைக்கறது தெரியுது. உங்கம்மா நெனைக்கறதும் தெரியுது. நீ என்ன நெனைக்கற?"

கல்யாணமாகிப் பத்து வருஷம். இதற்குக்கூட, "அவங்க வயசானவங்க இல்லையா..." என்றுதான் ஆரம்பித்தேன். இவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நியாயம்தான்.

மார்ச் 15, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் அப்பா தட்டைத் தள்ளினார். "அவகிட்ட சொல்லு, இத நாய்கூட திங்காதுன்னு." இன்றைக்குப் பூசி மெழுகக் கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். சமையலறைக்குப் போய், "இத நாய்கூட திங்காதாம்" என்றேன். ஒரு எழுத்தையும் விடவில்லை. அம்மா உடைந்துபோவாள், அப்போதாவது நேராகப் போய் அவரைக் கேட்பாள் என்று நினைத்தேன்.

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கேட்டுச்சுடி. எப்பவும் கேக்கும். இது என்ன அரண்மனையா?"

"எப்பவுமா?"

"ஆமா."

"அப்ப என்ன எதுக்கு சொல்ல வச்ச?"

"உன் வாயால வந்தா காரம் கொறஞ்சு வரும். அதக் கேட்டுக்கிட்டு இருந்ததாலதான் இந்த வீட்ல காலம் தள்ளினேன். இன்னிக்கு உனக்கு என்ன வந்துச்சு?"

எனக்கு என்ன வந்துச்சாம்.

எட்டு வயசுப் புள்ளைய டீ வடிகட்டியாட்டம் நடுவுல புடிச்சிருக்காங்க ரெண்டு பேரும். ராத்திரி படுக்கையில 'அப்பா இப்படிச் சொன்னா அம்மாகிட்ட எப்படிச் சொல்லணும்'னு மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டுத் தூங்குவேன். நான் தப்பாச் சொன்னா வீடே உடைஞ்சிடும்னு பயந்து செத்தேன். ஆனா அவங்களுக்கு எல்லாமே கேட்டிருக்கு. எல்லாமே.

மார்ச் 16, திங்கள்

முதலாளியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

புது ஊர், புது மெஷின்கள், வீடெல்லாம் பெயிண்ட் வாசனை. அப்பா வீட்டில் சமையலுக்கு ஒரு அக்கா வருகிறார்களாம், இப்போது தூது அவர்கள் மூலமாம். எனக்குப் பதில் ஆள் கிடைக்க ஒரு மாசம்கூட ஆகவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். வயிறு எரிகிறது.

ஜூன் 7, ஞாயிறு

அம்மாவின் போன். சமையல்கார அக்கா நின்றுவிட்டார்களாம். "'உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால மாரடிக்க முடியாது'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போயிட்டா. சொன்னத சொன்னபடி போட்டு ஒடைக்கிறவ, போனா போகட்டும். நீ சொல்ற மாதிரி வருமா? ஞாயித்துக்கிழமையாவது வந்துட்டுப் போயேன்டி."

அந்த அக்காவுக்கு இரண்டு மாதம் போதுமாக இருந்தது.

"வரமாட்டேன்மா" என்றேன்.

"ஏன், வேலையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனியில் வந்தும்விட்டது. "வேலையில்ல. வர இஷ்டமில்ல" என்றேன்.

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அம்மா போனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும், குரல் தள்ளிக் கேட்டது.

"ஏங்க. அவ வரமாட்டாளாம்."

டிவி சத்தம் குறைந்தது. அப்பாவின் குரல். "ஏனாம்?"

"இஷ்டமில்லையாம்."

அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.