ராணியின் குரலும் மெக்கானிக்கின் மூச்சும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முழுக்க மூச்சு வாங்கினேன். அதுதான் வேலை. ஓட்டைக் கப்பல் ஒன்று விண்வெளியில் போகிறது, அதில் ஒருத்தி மெக்கானிக். அவளுக்கு நம் மொழியில் நான் குரல். குரல் என்ன பெரிய குரல்? இருமல், முனகல், "அந்த ஸ்பேனரைக் குடு." முகமெல்லாம் கிரீஸ், குடிக்கிற தண்ணீர்கூடத் துருப்பிடித்த நிறம். மொத்தப் படத்திலும் அவள் ஒரு பக்க வசனம் பேசினால் அதிகம்.

இது இடையில் வந்த வேலை. நான் காத்திருப்பது மேகக்கோட்டை ராணிக்காக. அவளுடைய மூன்று படத்துக்கும் நான்தான் பேசினேன். இப்போது அவளுடைய இளமைக் கதையை, முதல் படத்துக்கும் முன்னால் நடந்ததை எடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் டப்பிங்.

மார்ச் 9, திங்கள்

கூப்பிடவில்லை.

மார்ச் 12, வியாழன்

காதுக்காரரை நடைவழியில் பிடித்தேன். டப்பிங் டைரக்டர் அவர். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார், அதனால் நாங்கள் வைத்த பேர். "ராணி எப்ப சார்?" என்றேன். தன் ஷூவைப் பார்த்தார்.

"அக்கா, இதுல ராணிக்குப் பதினெட்டு வயசு. உங்க குரல் இப்ப... கொஞ்சம் பக்குவமாயிடுச்சு."

பக்குவமாம். கிழடு தட்டிவிட்டது என்று சொல்ல வேண்டியதுதானே? மூன்று படத்தில் அவளை ஆணையிடவைத்தது யார், அழவைத்தது யார்? திரையில் நடிகையும் புதுசு, குரலும் புதுசு என்றால் அப்புறம் அவள் எப்படி அதே ராணி?

"உங்க குரல் மாதிரியே வேணும், ஆனா சின்னப் பொண்ணா" என்று தேடுகிறாராம். தேடட்டும்.

மார்ச் 16, திங்கள்

நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் போனை மகள் எடுத்துப் பேசியிருக்கிறாள். காதுக்காரர்தான். மெக்கானிக்கின் இரண்டு வரியைத் திரும்பப் பேச வேண்டுமாம். நான் என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான், "நான் அக்கா இல்ல சார், அக்காவோட பொண்ணு" என்றாளாம். சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். நானும் சிரித்தேன், முட்டாள்.

மார்ச் 18, புதன்

நாளை மகளுக்கு ராணியின் குரலுக்கான சோதனை. என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். படிப்பை முடித்து ஒரு வருஷமாக வேலை தேடி அலைகிறவளிடம் போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? ராணி குரல் வீட்டுக்குள்ளதானே இருக்கப்போவுது, வெளிய போகலையே" என்றார். இது என்ன சட்டையா, எனக்குச் சின்னதாகிப் போனால் அவளுக்குப் போட்டு அழகு பார்க்க?

மார்ச் 24, செவ்வாய்

அவளையே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு படத்தையும் மனசுக்குள் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த முன்கதைப் படம் ஒரு மோசடி. ராணி மலையிலிருந்து விழுகிறாள். விழட்டுமே! இன்னும் மூன்று படத்துக்கு உயிரோடு இருக்கப்போகிறவள்தானே? அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் டிக்கெட் எடுப்பார்கள். போர்க்களத்தில்கூட உடுப்பு கசங்காது, தலை கலையாது. மெக்கானிக் அப்படியில்லை. ஒரு குழாய் வெடித்தால் போச்சு. அவளுக்கு முன்னாலும் படம் கிடையாது, பின்னாலும் கிடையாது. அதனால்தான் அவள் மூச்சுத் திணறும்போது நமக்கும் நெஞ்சு அடைக்கிறது. நல்ல படம் அதுதான். யார் கேட்டாலும் சொல்வேன்.

அப்புறம் எதற்கு ராணி, ராணி என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது? தெரியவில்லை. அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 27, வெள்ளி

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறாள். நடுவில் வந்து, "ராணி எல்லாப் படத்துலயும் போடுற அந்த சபதத்துல நீ எங்க மூச்சு வாங்குவ, அம்மா?" என்று கேட்டாள். ஞாபகமில்லை என்றேன். பொய். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் முகத்தைப் பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

போர்க் காட்சிக்குக் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெறும் காற்றுதான் வருகிறது. காதுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, வெறும் கத்தல்தான். தம்பி செத்துக் கிடக்கிறான், அதைப் பாத்து ராணி கத்தணும். கத்தலுக்கு வயசு தெரியாது. படத்துல உங்க பேரு மட்டும் போட முடியாது... கோச்சுக்காதீங்க."

போய்யா என்று போனை வைத்திருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. எதிரில் அவள் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மாட்டேன் என்றால் நாளைக்கு அவளையேதான் கத்தச் சொல்வார்கள். அப்படிக் கத்திக் குரலே போனவர்களை எனக்குத் தெரியும்.

வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 4, சனி

கத்தினேன்.

ஒரே தடவைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். நான் நடிக்கவே இல்லை. பக்குவம், வீட்டுக்குள்ளதானே, வெறும் கத்தல்தான் – அத்தனையும் சேர்ந்து வெளியே வந்தது. காதுக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். "யப்பா!" என்றார். அவள் தலை நிமிரவில்லை.

ஜூன் 13, சனி

மெக்கானிக் படம். சின்ன அரங்கு, அதிலும் பாதிக்கு மேல் காலி. பின்னால் ஒருவர் குறட்டை விட்டார். அவள் கப்பலைக் காப்பாற்றவில்லை. காற்று தீர்ந்துபோகிறது, படம் முடிகிறது. கடைசிச் சத்தம் என் மூச்சு. நன்றாகத்தான் செய்திருக்கிறேன். சொல்ல ஆளில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 20, சனி

ராணி. கால் வைக்க இடமில்லை. அந்தக் கத்தலுக்குக் கைதட்டினார்கள். பக்கத்து இருக்கைக்காரி தன் புருஷனிடம், "சின்னப் பொண்ணாம், என்னமா கத்தியிருக்கா பாருங்க" என்றாள். கடைசியில் மகள் பேர் வந்தபோது என் வீட்டுக்காரர் எழுந்து நின்று போட்டோ எடுத்தார்.

சபதத்தில் சரியான இடத்தில்தான் மூச்சு வாங்கியிருக்கிறாள். தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். எரிச்சலாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 5, ஞாயிறு

ரேடியோவில் மகளின் பேட்டி. சமையலறையில் நின்று கேட்டேன்.

"அந்தக் கத்தலை எப்படிங்க கொண்டுவந்தீங்க?"

கத்தியது நான் என்று சொல்லிவிடப்போகிறாள் என்று அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"பயிற்சிதான்" என்றாள்.

"உங்கம்மாவும் இந்தத் தொழில்லதானே இருக்காங்க? படம் பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"அம்மாவுக்கு இந்த மாதிரிப் படமெல்லாம் பிடிக்காதுங்க."

வந்ததும் சாப்பாடு போட்டேன். பேட்டியைக் கேட்டதாகச் சொல்லவில்லை. கேட்டியா என்று அவளும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

முன்கதைக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம். அதில் ராணிக்கு அம்மா உண்டு. பேசுகிறீர்களா என்று காதுக்காரர் கேட்டார். சரி என்றேன். அம்மாவும் ராணியும் நேருக்கு நேர் நின்று சண்டை போடுகிற காட்சி ஒன்று ரொம்ப நீளமாம்.

"ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்கவெச்சு எடுத்தா உயிரா இருக்கும்னு நெனச்சேன்க்கா. ஆனா தனித்தனியாவே எடுத்துக்கலாம்னு உங்க பாப்பா சொல்லிடுச்சு."

எனக்கும் அதுதான் வசதி என்றேன். திங்கட்கிழமை எனக்கு டப்பிங், செவ்வாய்க்கிழமை அவளுக்கு.