பிளாஸ்டிக் மேனிஃபோல்டு

மூத்தவளின் அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? பதறாமல் படி, எனக்கு அடி எதுவும் படவில்லை.

கார் இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். எப்போதும்போல் கை சொன்ன அளவுக்கு போல்ட்டை இறுக்கினேன். படக்கென்று விரிசல் விட்டது. பிளாஸ்டிக்காம். தகிக்கிற இன்ஜினில் பிளாஸ்டிக்கை வைத்தவனை விட்டுவிட்டு பட்டறை ஃபோர்மேன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, டார்க் ரெஞ்ச் எதுக்குத் தொங்குது, அழகுக்கா? இனிமே டயர் பக்கம் போயிடுங்க."

"இன்னொண்ணு குடுங்க. மாட்டிட்டுப் பேசுறேன்" என்றேன். நகரவே இல்லை.

கொடுத்தார். இறுக்கத்தை அளந்து காட்டும் அந்த ரெஞ்சாலேயே, நடுவில் தொடங்கி ஓரம்வரை இறுக்கினேன். வண்டி சீராக ஓடியது.

"பாத்தீங்களா?" என்று சிரித்தார்.

"பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான்" என்றேன்.

இன்ஜின் வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் அவரோடு பேச்சில்லை. எல்லோரும் அவர் பக்கம், அதனால் சாப்பாடும் தனியாகத்தான்.

வாசிக்கிற கண்ணாடி ஒன்று அனுப்பு. ரெஞ்சில் எண்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. எங்களை அறைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். பதிலை நீளமாக எழுது. என் பக்கம்தான் நியாயம் என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடு. நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை.