நோகாத கால்

செவ்வாய், இரவு

இன்று பின்னேரம் இவர் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றினார். சொக்ஸ் முழுக்க ஈரம். பெருவிரலுக்குக் கீழே காலாணியைச் சுற்றித் தோல் வெள்ளையாக வெந்து, நடுவில் குழி விழுந்திருந்தது.

"இதென்னப்பா?"

"காலாணிக்கு மருந்து பூசினனான். எங்களோட வேலை செய்யிற சிவா தந்தவன். அவனுக்கு ஆணி கழண்டு விழுந்திட்டுதாம்."

"நோகேல்லையா?"

"இல்லையே."

அந்த 'இல்லையே'யைக் கேட்டதும் மருந்துப் போத்தலை வாங்கிப் பார்த்தேன். கன வருசமாகச் சீனி வருத்தம் உள்ள மனுசன். போத்தலில் சலிசிலிக் அமிலம் என்று இருந்தது. நீரிழிவு உள்ளவர்கள் பாவிக்க வேண்டாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. உடனே ஓட்டோ பிடித்து டொக்டரிடம் கூட்டிப்போனேன்.

டொக்டர் புண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மற்ற ஆக்களுக்கு இது நல்ல மருந்துதான். எரிஞ்சா நிப்பாட்டிடுவினம். உங்களுக்கு எரியிறது தெரியாது. அது நல்ல தோலையும் தின்னும்."

எலும்பு வரை போயிருக்கிறதா என்று நாளைக் காலை எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம்.

இவருடைய அண்ணனுக்கும் ஒரு விரலில்தான் தொடங்கியது; கடைசியில் காலையே எடுக்க வேண்டி வந்தது.

சாப்பிட்டுப் படுத்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, மற்றக் காலின் சின்னவிரலை அழுத்தினேன்.

"தெரியுதா?"

"ஓம்."

"எந்த விரல்?"

கொஞ்சம் யோசித்தார். "பெருவிரல்."

"ஓம், சரி" என்றேன். அவர் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துவிட்டார். நான் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வந்து இருக்கிறேன்.