ஹமீட் நானா வீட்டு மதில் தொடர்பாக

அனுப்புநர்:
திருமதி ஐறீன் மிராண்டா,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
இல. 14, கிடங்கு ஒழுங்கை,
முகத்துவாரம், கொழும்பு 15.

பெறுநர்:
செயற்பாட்டுப் பணிப்பாளர் அவர்கள்,
வடகரை மொத்தச் சரக்குக் களஞ்சியம்,
முகத்துவாரம், கொழும்பு 15.

பொருள்: களஞ்சியத்தில் சோளம் ஏற்ற வரும் லொறிகள் எமது ஒழுங்கையில் காத்து நிற்பதும், அதனால் ஒரு வீட்டு மதிலுக்கு நேர்ந்துள்ளதும்

மதிப்புக்குரிய ஐயா,

இந்த ஒழுங்கையில் மனு எழுதுவது வழக்கமாக நான்தான். தெருவிளக்கு எரியாததற்கும், கால்வாய் அடைத்துக்கொண்டதற்கும், கட்டாக்காலி நாய்களுக்கும் எழுதியிருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால் கடிதத்துக்குக் கை பழகியிருக்கிறது. மனுவை அனுப்புமுன் அயலவர்களைக் கூப்பிட்டு உரத்து வாசித்துக் காட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இதை மட்டும் எவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. விடயம் அப்படிப்பட்டது. எழுதுகிற எனக்கே கூச்சமாக இருக்கிறது; தாங்களும் அறையில் வேறொருவரும் இல்லாதபோது வாசித்தால் நல்லது.

1. தங்கள் களஞ்சியத்திலிருந்து, கப்பலில் வந்து இறங்கிய சோளமும் சோயாவும் மூட்டை கட்டாமல் அப்படியே லொறிகளில் கொட்டி ஏற்றப்பட்டு, குளியாப்பிட்டிப் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகளுக்குப் போகின்றன. முன்பு, ஏற்ற வரும் வெறும் லொறிகள் நேரே உள்முற்றத்துக்குப் போய் அங்கேயே வரிசையில் நிற்கும். அங்கே தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் ஒரு தேநீர்க் கடையும் இருந்தன. அக்காலத்தில் லொறிகளால் எமக்கு இருந்த ஒரே தொந்தரவு ஹோர்ன் சத்தம்தான். அதற்கும் ஒரு மனு எழுதியிருந்தேன். இன்று நினைத்தால் அதை எழுதிய நேரத்தில் ஒரு செபமாலை சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

2. சென்ற ஆண்டு தாங்கள் வினைத்திறன் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினீர்கள். உள்முற்றத்தில் இப்போது புதிய ஏற்றும் இயந்திரம் நிற்கிறது. லொறிகள் நிற்க இடமில்லாததால் அவற்றை வெளியே நிறுத்தி, நம்பர் கூப்பிட்டு ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கிறார்கள். ஒரு லொறி உள்ளே நுழைந்து, நிறை பார்த்து, ஏற்றி, வெளியேற எடுக்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வாயிலில் பெரிய பலகை வைத்திருக்கிறீர்கள். அது பொய்யல்ல. என் மேல்மாடி யன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிறது. உள்ளே போன லொறி ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் நிறைந்து வெளியே வருகிறது. அதற்காக மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஐயா, அந்தக் கணக்கு வாயிலைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. விடியற்காலையில் வந்து மத்தியானம் வரை வாயிலுக்கு வெளியே நிற்கும் நேரம் எந்தப் பலகையிலும் இல்லை. அந்த நேரம் முழுவதும் எங்கள் ஒழுங்கையில்தான் கிடக்கிறது. மழை பெய்தால் சோளம் நனைந்துவிடும் என்று ஏற்றுவதை நிறுத்துகிறார்கள். அன்று வரிசை அசைவதே இல்லை. ஒழுங்கைக்குள் முச்சக்கரவண்டிகூட வர முடியாமல் பிள்ளைகள் லொறிகளுக்கு இடையில் நெளிந்து நெளிந்து பள்ளிக்கூடம் போகிறார்கள்.

3. அப்படி நிற்கும் சாரதிகள், மனிதர்கள் என்பதால், எமது மதில்களை நாடினார்கள். இதற்குமேல் விளக்கமாக எழுத என்னால் இயலாது. தாங்கள் புரிந்துகொள்வீர்கள்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் ஒரு சாரதியைப் பிடித்துக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். மாத்தளையிலிருந்து வருபவர், பெயர் செல்வநாதன், என் தம்பியின் வயதிருக்கும். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்பர் கூப்பிட்டா ஒடனே கேட்டுல நிக்கனும் அம்மா. சந்தி கக்கூசுக்கு நடந்து போய்ட்டு வந்தா நம்பர் போயிரும். திரும்ப கடைசில போய் நிக்கனும். எங்களுக்கும் வெக்கமாத்தான் இருக்கு."

4. முதலில் பாதிக்கப்பட்டது என் மதில்தான். என் சமையலறை யன்னல் அந்தப் பக்கம். பினாயில் ஊற்றினேன். மூன்று மொழிகளிலும் அறிவித்தல் எழுதி ஒட்டினேன். அதை நிதானமாக வாசித்துக்கொண்டே காரியத்தை முடித்தவர்களும் உண்டு. கடைசியில், கொழும்பில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியார் படம் போட்ட மாபிள் தட்டு ஒன்று வாங்கி, மதிலில் பதித்தேன். அதைப் பங்குத் தந்தையிடம் மந்திரிக்கக் கொடுத்தபோது வீட்டுக் காவலுக்கு என்று சொன்னேன். எதற்குக் காவல் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்ற வருவது தாங்கள் அறிந்ததே. ஆகவே அவருக்கு முன்னால் எந்தச் சாரதியும் நிற்கவில்லை. அடுத்த நாளே என் மதில் காய்ந்துவிட்டது. பெருமை பிடிபடவில்லை. போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன். ஒழுங்கை முனை வீட்டு அங்கம்மா தன் மதிலில் பிள்ளையாரை வைத்தார். எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பம் தம்மச் சக்கரம் வரைந்தது. எல்லாம் என் யோசனைதான்.

5. எனது மதிலோடு ஒட்டிய அடுத்த மதில், இல. 16, ஹமீட் அவர்களுடையது. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி, அண்ணன் என்ற முறையில், நான் அவரை ஹமீட் நானா என்றே அழைப்பேன். கடிதத்திலும் அப்படியே எழுத அனுமதியுங்கள். என் கணவர் காலமானபோது பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். நோன்புப் பெருநாளுக்கு அவருடைய மனைவி லுத்பியாவின் வட்டிலாப்பம் எங்கள் வீட்டுக்கு வரும், நத்தாருக்கு என் கேக் அங்கே போகும்.

அவர் சமயத்தில் உருவப்படம் வைக்கும் வழக்கம் இல்லை. இது எனக்குத் தெரியாத விடயமல்ல. பிறந்ததிலிருந்து முஸ்லிம்களோடு அயலாக வாழ்கிறேன். இருந்தும் அந்தத் தட்டை வாங்கும்போது, என் மதிலிலிருந்து கலைக்கப்பட்டவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்று நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. இன்று ஒழுங்கையில் காவல் இல்லாத மதில் ஒன்றே ஒன்று. லொறிகள் அத்தனைக்கும் அது ஒன்றுதான்.

6. எனக்கு அது அருவருப்பு, அவ்வளவுதான். அவருக்கு அப்படியல்ல. உடுப்பில் ஒரு துளி தெறித்தாலும் கழுவாமல் தொழ முடியாது. அந்த மதிலோரமாகத்தான் அவர் பள்ளிவாசலுக்குப் போவார். இப்போது முழங்கால் நோவோடு பின்பக்கத்தால், கால்வாய்க் கரையைச் சுற்றிப் போகிறார்.

ஒருநாள் காலையில் பால் வாங்க இறங்கியபோது அவரைக் கண்டேன். சாரத்தை மடித்துக் கட்டி, வாளியும் தும்புத்தடியுமாக மதிலடியில் நின்றார். என்னைக் கண்டதும் அவர்தான் வெட்கப்பட்டார். "ஒன்டுமில்ல ஐறீன், சும்மா செடிக்குத் தண்ணி ஊத்த வந்தன்" என்றார். அந்த மதிலோரத்தில் செடி எதுவும் இல்லை. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். பால் வாங்கவில்லை.

திருவசனம் ஏதாவது எழுதிவைக்கலாமே என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அல்லாட பேர இந்த வேலக்கி வெக்க ஏலுமா" என்று கேட்டாராம். லுத்பியா இதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார், பயற்றம் பருப்பு புடைத்துக்கொண்டே. கேட்ட எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது.

7. இப்போது இம்மனுவை அவசரமாக எழுதக் காரணம் இதுதான். இம்மாத இறுதியில் ஹமீட் நானாவும் லுத்பியாவும் வெள்ளவத்தையில் மகள் அம்னாவின் தொடர்மாடிக்குப் போகிறார்கள். அங்கே லிப்ட் இருக்கிறது, முழங்காலுக்கு நல்லது என்று ஒழுங்கையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். இங்கே அவர் வீட்டில் ஏறுவதற்கு மாடியே இல்லை என்பதை எவரும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டின் இரண்டாவது சாவியை என்னிடம் கொண்டுவந்து தந்தார், தாங்கள் போன பிறகு இடைக்கிடை யன்னல்களைத் திறந்துவிடச் சொல்லி. போகும்போது என் மதிலைப் பார்த்து, "உங்கட பக்கம் நல்ல சுத்தம் ஐறீன். அந்தோனியார் நல்லாப் பாத்துக்குறார்" என்றார். அதில் குத்தல் உண்டா என்று நீண்ட நேரம் யோசித்துப் பார்த்தேன். ஹமீட் நானாவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

8. அன்று பின்னேரம் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனேன். புனிதரின் முகத்துக்கு நேரே உளியை வைக்க மனம் வரவில்லை. அது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன்: தட்டைக் கழற்றினால் எல்லோரும் என் மதிலுக்கே திரும்புவார்கள் என்று பயந்தேன். உளியோடு போனவள் உளியோடு திரும்பி வந்தேன்.

அங்கே நிற்கும்போதுதான் தங்கள் பலகை நினைவுக்கு வந்தது. தாங்கள் முற்றத்தில் நின்றதை ஒழுங்கைக்குத் தள்ளினீர்கள். நான் என் மதிலில் நின்றதைப் பக்கத்து மதிலுக்குத் தள்ளினேன். தங்களுக்கும் முன்னேற்றம், எனக்கும் முன்னேற்றம். இரண்டு பேரும் தள்ளிவிட்டதை வாளியோடு கழுவுகிறவர் வேறொருவர். ஆகவே தங்களைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு என்பதை ஒப்புக்கொண்டே கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

அ. மூட்டை கட்டும் வேலை நின்றுபோன பிறகு, களஞ்சியத்தின் பழைய மூட்டைக் கொட்டகையும் அதன் முன்வெளியும் சும்மா கிடக்கின்றன. காத்திருக்கும் லொறிகளை அங்கே நிற்க விடலாம். அதன் பின்புறம் மலசலகூடமும் இருக்கிறது; பூட்டைத் திறந்து தண்ணீர் விட்டால் போதும்.

ஆ. எல்லா லொறிகளும் விடியுமுன்னே வந்து குவிவது, முந்தி வந்தவருக்கு முந்திய நம்பர் என்பதால்தான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒவ்வொரு லொறிக்கும் வரவேண்டிய மணித்தியாலத்தைத் தொலைபேசியில் முதல் நாளே சொல்லிவிடுவோம். இங்கும் அப்படிச் செய்தால் சாரதிகள் வீட்டில் தூங்கி எழுந்து வரலாம். மழை நாளில் வரவேண்டாம் என்றும் சொல்லலாம். இதைவிட நல்ல வழி தங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையே செய்யுங்கள்.

இ. நம்பர் கூப்பிடும்போது ஆள் லொறியில் இல்லாவிட்டால், அடுத்த லொறியை எடுத்துவிட்டு அவர் வந்ததும் அவரை எடுக்க உத்தரவிடவும். ஒரு மனிதன் போய் வரும் நேரத்தில் எந்தக் கோழியும் பட்டினி கிடக்காது.

ஈ. சாரதிகளைத் தண்டிக்கவோ, அபராதப் பலகை வைக்கவோ வேண்டாம். அப்படிச் செய்தால் அவர்கள் இன்னும் தள்ளி, வேறொருவர் மதிலுக்குப் போவார்கள். தள்ளியது போதும்.

உ. விசாரணைக்கு எவரையாவது அனுப்பினால் என் வீட்டுக்கு அனுப்புங்கள். மதிலைப் படம் எடுக்க வேண்டாம். அது ஒரு கௌரவமான மனிதரின் வீடு.

ஐயா, ஹமீட் நானா இன்னும் பெட்டி கட்டத் தொடங்கவில்லை. லுத்பியா மட்டும் பாத்திரங்களைத் துடைத்துத் துடைத்துப் பழையபடி அலுமாரியிலேயே வைக்கிறார். மாதம் முடிவதற்குள் லொறிகள் உள்ளே எடுக்கப்பட்டால், அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரு நியாயம் கிடைக்கும். பலகையில் ஏற்றுவதற்கு இது ஒரு சிறிய கணக்குத்தான். ஆனாலும் செய்து தரும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வழக்கமாக மனுவை முதலில் அயலவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன் என்று மேலே எழுதினேன். இதையும் ஒருவருக்குக் காட்டத்தான் வேண்டும். வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லாததால், கடிதத்தின் அடியில் அவர் பெயரை எழுதியிருக்கிறேன்.

இடம்: முகத்துவாரம்
திகதி: 2025.09.18

இங்ஙனம்,
தலை குனிந்து,
(ஒப்பம்) ஐறீன் மிராண்டா

பிரதி: ஜனாப் ஹமீட் அவர்கள், இல. 16, கிடங்கு ஒழுங்கை. தகவலுக்காகவும், மன்னிப்புக்காகவும்.