செத்தவர் தேநீர் போடவேண்டும்

கிதான்ஸ்க்
18 அக்டோபர் 2023

அன்புள்ள போக்னா,

நலம்தானே? உன்னிடம் கார் ஓட்டப் பழகுகிறவர்களும், அவர்களிடமிருந்து இதுவரை தப்பித்த சியராட்ஸ் விளக்குக் கம்பங்களும் நலமாக இருக்கட்டும். மின்னஞ்சலில் எழுதியிருக்கலாம். ஆனால் நான் இங்கே படிக்க வந்த புதிதில் தபாலிலேயே ஆடினோமே, அந்த ஆட்டத்தின் சேதி தபாலில் வருவதுதான் மரியாதை.

புத்தகம் வந்துவிட்டது! நம் 'கடைசிப் படைப்பிரிவு' ஆட்டத்தின் விதிப்புத்தகம், புதிய பதிப்பு. பழைய அமெரிக்கப் பதிப்பில் போர் நம் நாட்டில்தான் நடக்கும்; ஆனால் நம் ஆட்கள் ஒன்று திருடர்கள், இல்லாவிட்டால் பிணங்கள். உங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து உன் அண்ணன் விட்டெக் கத்துவானே: "நம்ம ஊருல நடக்குற சண்டையில நமக்கு ஒரு வேலையும் இல்லையாடா?" அதைத் திருத்தத்தான் மூன்று வருடம் மாடாய் உழைத்தேன். இப்போது வீரர்கள் நம் ஆட்கள்.

அவன் அடக்கத்தன்று கொடுத்த வாக்கையும் மறக்கவில்லை. ஆட்டத்தில் அவன் ஏற்றிருந்த சார்ஜென்ட் போர்சுக் உள்ளே இருக்கிறான். நீ ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்த விட்டெக்கின் படத்தைப் பார்த்து ஓவியர் முகத்தை வரைந்திருக்கிறார்.

விமர்சனம் நீதான் எழுதவேண்டும். நீ எழுதினால்தான் இந்த நாட்டில் பாதிப் பேர் பகடையைக் கையில் எடுப்பார்கள். டிசம்பர் கண்காட்சிக்கு முன்னால் வந்துவிட்டால் எனக்குப் பெரிய பலம்.

உன் பழைய லெப்டினன்ட்,
லெஷெக்


சியராட்ஸ்
29 அக்டோபர் 2023

அன்புள்ள லெஷெக்,

பார்சலைப் பிரித்ததும் முதலில் முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதே. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்து வருகிறேன், நடுவில் புரட்டுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம்.

விமர்சனத்தின் தொடக்கம் தயார்: 'உலகம் முடிந்த பிறகும் சிப்பாய்க்குப் பசிக்கும். ஆளுக்கொரு சிப்பாயாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, அந்தப் பசியோடு இன்னொரு குளிர்காலத்தைத் தாண்டுவதுதான் இந்த ஆட்டம்.' எப்படி? குளிருக்கான விதி பிரமாதம். ஈரக் காலுறையோடு தூங்கினால் காலையில் குறி தவறும் என்று வைத்திருக்கிறாய் பார், அது ஒன்றுக்கே உன்னைக் கட்டிக்கொள்ளலாம். எழுத்துதான் எறும்பு அளவு. நமக்கு வயதாவது உங்கள் அச்சகத்துக்குத் தெரியாதா?

மனிதர்கள் பகுதிக்கு இன்னும் வரவில்லை. வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். முதல் தேதி எல்லோரும் கல்லறையில் விளக்கேற்றும்போது, அண்ணி யகோதாவோடு போய், அண்ணனுக்கு அங்கேயே வாசித்துக் காட்டப்போகிறேன்.

நம் வீட்டு விதி புத்தகத்தில் இல்லையே? ஆட்டத்தில் யாருடைய சிப்பாய் செத்தாலும், அவர் எழுந்து போய் மற்றவர்களுக்குத் தேநீர் போடவேண்டும். எலுமிச்சையும் அவரே நறுக்கவேண்டும். அடுத்த பதிப்பிலாவது சேர்த்துவிடு.

அன்புடன்,
போக்னா


சியராட்ஸ்
2 நவம்பர் 2023

லெஷெக்,

நேற்று வாசித்தேன்.

கல்லறை முழுக்க விளக்குகள். அண்ணி என் தோளோடு ஒட்டி நின்றார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்க ஆரம்பித்தேன்: 'சார்ஜென்ட் போர்சுக். வார்த்தா ஆற்றுப் பாலத்தின் காவல் பொறுப்பாளன். இரண்டு கேன் பெட்ரோலுக்காகப் பாலத்தை எதிரிக்கு விற்றவன். இப்போது கொள்ளைக் கூட்டத் தலைவன். நிராயுதபாணிகளைச் சுடத் தயங்கமாட்டான்.' பாதியில் நிறுத்தப் பார்த்தேன். அதற்குள் அண்ணி புத்தகத்தை வாங்கிவிட்டார்.

பக்கம் முழுக்க என் அண்ணன் முகம். அதே உடைந்த முன்பல், அதே ரயில்வே தொப்பி. நான் என் கையால் கொடுத்த படம்.

"இது விட்டெக்தானே?" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி."

"இவனா வித்தான்? கடையில மீதிச் சில்லறை கூடுதலா வந்தா, மழையில திரும்ப நடந்து போய்க் கொடுத்துட்டு வர்ற ஆளு. லெஷெக்கா எழுதினான் இத? நம்ம லெஷெக்கா?"

விளக்கை ஏற்றிவிட்டு வந்துவிட்டோம்.

அந்தப் பாலத்தில் நடந்தது என்ன என்று உனக்குத் தெரியும். ஆட்டத்தை நடத்தியது நான்; எதிரி எப்போது, எப்படி வருவான் என்று சொல்வது என் வேலை. எதிரிப் பட்டாளத்துப் பையன்கள் துப்பாக்கியை எறிந்துவிட்டு, பசியோடு அக்கரையில் நின்றார்கள். பாலத்தைத் தகர்க்க உத்தரவு. விட்டெக் தகர்க்கவில்லை, அவர்களைக் கடந்துவர விட்டான். யாரும் அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை. பெட்ரோல் எங்கிருந்து வந்தது, லெஷெக்?

போக்னா


கிதான்ஸ்க்
8 நவம்பர் 2023

போக்னா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அலுவலகம் போகவில்லை. யகோதாவிடம் என் மன்னிப்பைச் சொல். கல்லறையில் வைத்து வாசிப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பதிப்பகத்தார் ஒரு வில்லன் கேட்டார்கள். "நல்லவனா இருந்து கெட்டுப்போன ஆள் வேணும், படிக்கிறவனுக்கு வயிறு எரியணும்"னு தலையில் உட்கார்ந்தார்கள். நேரம் இல்லை. கையில் இருந்ததை எடுத்தேன். விளையாட்டுதானே, போக்னா. காகிதத்தில் இருக்கும் ஆள்.

சரி, முழுதாகவே சொல்லிவிடுகிறேன், நீ விடமாட்டாய். அந்தப் பையன்களின் பின்னாலேயே டாங்கி வந்தது. என் லெப்டினன்ட் செத்தான். நான்கு வருடம் வளர்த்த ஆள். என் அப்பா வீட்டை விட்டுப் போன வருடத்தில் தொடங்கி, அவனாக இருந்துதான் நான் பிழைத்தேன். விட்டெக் அவனை ஒரு நிமிடத்தில் கொன்றான், யாரோ பெயர் தெரியாத பையன்களுக்காக. ஒரு வார்த்தை 'மன்னிச்சுக்கோடா' என்று சொல்லவில்லை. எழுதும்போது கை தானாகப் போனது.

அடுத்த அச்சில் பெயரை மாற்றச் சொல்கிறேன், முடிந்தால் படத்தையும். இதை விமர்சனத்தில் கலந்துவிடாதே. மூன்று வருட உழைப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

லெஷெக்


சியராட்ஸ்
19 நவம்பர் 2023

லெஷெக்,

விமர்சனத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன், நகல் இத்துடன் இருக்கிறது. பயப்படாதே. குளிர், பசி, பயம் எல்லாவற்றுக்குமான விதிகளைப் பாராட்டியிருக்கிறேன், அவை உண்மையிலேயே நன்றாக இருப்பதால். எறும்பு எழுத்தைத் திட்டியிருக்கிறேன். கடைசிப் பத்தி மட்டும் இது:

'இந்தப் புத்தகத்தில் ஒரு மனிதனைச் சுடுவதற்குப் பத்து வழி இருக்கிறது. பசித்து வந்தவனைச் சுடாமல் விடுவதற்கு ஒரு வழிகூட இல்லை. அப்படி விட்டவன் காசு வாங்கியிருப்பான் என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டார். இவ்வளவு தெரிந்தவருக்கு அது ஏன் தெரியவில்லை என்று எனக்கு வருத்தம்.'

போர்சுக் யார் என்று எழுதவில்லை. நீ என்னிடம் வாங்கிய படத்தை வைத்துச் செய்த வேலையை, நீ என்னை நம்பிச் சொன்னதை வைத்து நான் செய்யமாட்டேன்.

உன் அப்பா வீட்டை விட்டுப் போன வருடம் எனக்கும் நினைவிருக்கிறது. அந்த வருடம் முழுக்க நீ எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாய், விட்டெக் தன் கட்டிலை உனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். டாங்கியை அனுப்பியது அவன் இல்லை, நான். திட்டவேண்டுமானால் என்னைத் திட்டியிருக்கலாம், எதிரிலேயே இருந்தேன். செத்தவனைப் பிடித்தாய். அவன் திரும்பப் பேசமாட்டான்.

ஒன்று சொல்கிறேன். மருத்துவமனையில் கடைசி வாரம் அண்ணன் திடீரென்று கேட்டான்: "லெஷெக்குக்கு அந்தப் பாலத்து விஷயத்துல இன்னும் கோவமாடீ?"

"உனக்கென்ன பைத்தியமா? முப்பது வருஷம் ஆச்சு" என்று சிரித்தேன்.

"அன்னிக்கு அவன் தேநீர் போடாம எழுந்து போயிட்டான். அவன் முறைய நான்தானே போட்டேன். ஒரு டம்ளர் அவனுக்கும் ஊத்தி வெச்சேன், ஆறிப்போற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன். வந்தா சொல்லு, தப்பா எடுத்துக்க வேணாம்னு."

அடக்கத்துக்கு நீ வந்தாய். கல்லறையருகே நின்று அழுதபடி வாக்குக் கொடுத்தாய். இவனிடம் இதெல்லாம் எதற்கு, இவன் எப்போதோ மறந்திருப்பான் என்று நான் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்லியாயிற்று.

படத்தைத் திருப்பி அனுப்பு. பெயரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் எனக்கு எழுதவேண்டாம். கண்காட்சிக்கு நான் வரவில்லை.

நமக்குள் நடந்த இந்த ஆட்டத்தில் செத்தது நான்தான், லெஷெக். விதிப்படி எழுந்து போய்த் தண்ணீர் வைத்தேன், எலுமிச்சை நறுக்கினேன். அண்ணி வந்திருக்கிறார். இரண்டு டம்ளர் போட்டேன். உனக்கு ஊற்றவில்லை.

போக்னா