சேற்றை எழுப்பிய விழா

மச்சான்,

காலையில் ஜன்னலைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. நம் கீழ்க்கட்டளைக் குளம்தான். உன் நினைவாக அவர்கள் விழா எடுத்ததிலிருந்து இப்படித்தான் நாறுகிறது.

நீ இருந்தவரை, குளத்துக்குக் காற்று ஊதும் மோட்டார் வேண்டுமென்று நலச்சங்கத்திடம் கெஞ்சினாய். செயலாளர் கொட்டாவி விட்டார். நீ போன பிறகுதான் அவருக்குப் பாசம் பொங்கியது. மோட்டார் வந்தது. உன் படத்தைவிடத் தன் படம் பெரிதாக ஒரு ஃப்ளெக்ஸும் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் கரையில் டீ குடிக்கும்போது நீ ஒரு கழியைத் தண்ணீரில் விட்டு எடுத்தாய். பாதிக் கழி கரி பூசியது போல வந்தது. "இத்தினி வருசத்து சாக்கடை மச்சான், அடியில தூங்கினு கீது. மோட்டார் வந்தா மொதல்ல கொஞ்ச நேரம்தான் ஓட்டணும், போகப் போக ஏத்தணும். ஒரேடியா கலக்குனா தண்ணியில கீற காத்தையெல்லாம் சேறே குடிச்சிடும். மீனு இன்னா பண்ணும்?" என்றாய்.

விழாவில் இதைச் சொன்னேன். செயலாளர் சிரித்தார். "சீஃப் கெஸ்ட் வந்திருக்காரு சார். புஸ்ஸுன்னு விட்டு நிறுத்தினா அசிங்கமா இருக்காது?" குளம் கொதிப்பது போலத் தெரிய வேண்டுமாம். ஊதுகுழாய்களைச் சேற்றிலேயே போட்டு, முழு வேகத்தில் விட்டார்கள். கைதட்டல், செல்ஃபி, கேசரி. தண்ணீர் கறுத்ததை ஒரு ஜென்மமும் பார்க்கவில்லை. மறுநாள் காலை, நீ பொரி போட்டு வளர்த்த கெண்டைகள் உன் ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே வயிற்றைக் காட்டி மிதந்தன.

"மோட்டார் நல்ல கம்பெனி சார், குளந்தான் சரியில்ல" என்றார் அந்த மேதாவி, மூக்கைப் பொத்திக்கொண்டு. எனக்கு அழுகை வரவில்லை மச்சான், காறித் துப்பத்தான் தோன்றியது. உன் பெயரைச் சொல்லிச் செய்தார்களே, அதுதான் மனசு ஆறவில்லை.

மோட்டார் அறைச் சாவியை அன்றே பிடுங்கிக்கொண்டேன். எல்லா மீனும் சாகவில்லை. தாமரை ஓரத்தில் கொஞ்சம் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. குழாய்களைச் சேற்றுக்கு மேலே தூக்கிக் கட்டி, நீ சொன்னபடி தினமும் கொஞ்ச நேரம்தான் ஓட்டுகிறேன். நேற்று செயலாளர் வந்தார். பொங்கலுக்கு இன்னொரு விழாவாம், சாவி வேண்டுமாம்.

"போய்ட்டு வாங்க சார்" என்றேன். மறுபடி கேட்டால் சாவியைக் குளத்தில்தான் போடுவேன். அதையும் சேறு கலங்காமல், மெதுவாக.