பார்க்க மட்டும் அனுமதி

அன்புள்ள அம்மாவுக்கு, நிஷாந்தி வணக்கத்துடன் எழுதுவது. வயிற்று வலி குறைந்திருக்கிறதா? நான் கொழும்பில் நலம்.

ஆபீஸ் மென்பொருளுக்கு லைசன்ஸ் இல்லாத எங்களுக்கும் இந்த வாரம் கம்ப்யூட்டரில் ஆவணங்களைப் பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. எதையும் திருத்த முடியாது. உங்கள் ஆபரேஷனுக்காக நான் போட்ட லீவு விண்ணப்பத்தை ஆசையாகத் திறந்தேன். அதன் கீழே, நம்மைப் போலவே பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் மேலாளர் ஜீவராஜ் சார், "தோட்டத்துப் பிள்ளை, எதிர்த்துப் பேசாது. லீவு கொடுக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

அவரிடம் நேரில் போய், "அம்மாவுக்கு ஆபரேஷன் சார்" என்றேன்.

"பாக்கத்தானே குடுத்தோம்? பாத்துட்டீங்கல்ல, போங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கம்பளிச் சட்டை கொண்டுபோங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றை எனக்கு அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. மயக்கம் தெளிந்ததும் என்னைத் தேடாதீர்கள். தங்கச்சி பக்கத்தில் இருப்பாள்.

அவசரத்தில்,
நிஷாந்தி